முப்பத்தெட்டாம் எண் புத்தகம்

புதூர் பக்கம் ஒரு கரிசல் ஊரில் ஆறு வருடம் பகுதிநேர நூலகராக இருந்தேன். இருந்தேன் என்று சொல்வதே அதிகம். கோவில்பட்டியிலிருந்து பஸ்ஸில் போய் நாலு மணிக்குக் கதவைத் திறப்பேன், ஏழு மணிக்குப் பூட்டுவேன். நடுவில் மேசையில் தலைவைத்துத் தூங்குவேன். இந்த ஊருக்கெல்லாம் எதற்குப் புத்தகம் என்பது என் எண்ணம். அப்போது எனக்கிருந்த திமிர் கொஞ்சநஞ்சமல்ல.

ஒழுங்காக வந்த ஒரே ஆள் வெயிலம்மாள். தீப்பெட்டி ஆபீசில் கட்டை அடுக்குகிறவள். தீக்குச்சிகளைச் சட்டத்தில் வரிசையாகச் செருகுவதற்கு அப்படிப் பெயர். வயது நாற்பதுக்கு மேல். அறிவொளி வகுப்பில்தான் எழுத்துக் கற்றாள். கூடப் படித்த பெண்கள் பெயரும் எண்ணும் எழுத வந்ததோடு நின்றுவிட்டார்கள். இவள் நிற்கவில்லை. ஆறு மணிக்கு ஆபீஸ் வேன் நூலக வாசலில் நின்றதும் முதல் ஆளாக இறங்கி ஓடி வருவாள். திமிங்கிலம், எரிமலை, கிரகணம் என்று கையில் கிடைத்ததையெல்லாம் வாசிப்பாள். விரலை வரிக்குக் கீழே நகர்த்தி, உதடு அசைய, பூட்டும் வரை வாசிப்பாள்.

"அப்படி என்னதான் இருக்கு இதுல?" என்று ஒருநாள் கேட்டேன்.

"ஆபீசுலயும் வீட்டுலயும் என் கைதான் சார் வேணும். என்னய யாருக்கும் வேண்டாம். இங்கன வந்து ஒக்காந்தாத்தான் நானும் ஒரு ஆளுன்னு தோணுது. இந்த ஒரு மணி நேரம் போதும். வேற எதுவும் கேக்க மாட்டேன்."

இரண்டாயிரமாவது வருடம் மேலிடத்துக் கடிதம் வந்தது. அடுத்த ஆறு மாதம், நாளுக்கு இருபது வாசகர்களாவது வந்ததாகப் பதிவேட்டில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நூலகம் மூடப்படும். விஷயத்தைச் சொன்னதும் அவள் முகம் செத்துப்போயிற்று.

வாசல் பக்கம் பார்த்துவிட்டு, "வேன்ல இருபத்தஞ்சு பேரு வாரோம்லா சார்" என்றாள்.

மறுநாளிலிருந்து தன் வரியை எழுதியதும் பதிவேட்டை வேன் ஜன்னலில் நீட்டிவிட்டுப் புத்தகத்திடம் ஓடிவிடுவாள். அது பெண்களின் மடிக்கு மடி மாறி, ஆளுக்கொரு வரியாக நிரம்பியதும் டிரைவர் என் மேசையில் போட்டுவிட்டுப் போவார். கள்ள வேலைதான். பக்கம் நிரம்பியிருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு மூடிவைப்பேன். அவள் அதைக்கூடப் பார்க்கவில்லை. கிடைத்த ஒரு மணி நேரத்தில் ஒரு நிமிடத்தையும் விட அவளுக்கு மனசில்லை.

ஆறாம் மாதம் ஒரு மாலையில் அதிகாரி வந்தார். பதிவேட்டைப் புரட்டினார். பெயருக்கு அடுத்த கட்டம், வாசித்த புத்தகத்தின் எண்ணுக்கானது.

"ஒரே நாள்ல ஆறு பேர் முப்பத்தெட்டாம் எண் புத்தகத்தைப் படிச்சிருக்காங்க. அதை எடுங்க பாப்போம்."

எடுத்தேன். ஆட்டு நோய்களைப் பற்றியது. ஒட்டியிருந்த தாள்களை அதுவரை யாரும் பிரித்ததே இல்லை.

வெயிலம்மாள் எழுந்து வந்து பதிவேட்டை வாங்கினாள். விரல் வைத்து, அழகுத்தாய் முப்பத்தெட்டு, பத்திரகாளி நாற்பத்தொன்று என்று மெதுவாக வாசித்தாள். விரல் நின்றுவிட்டது.

"இது கட்டை சார். ஆபீசுல பேருக்குப் பக்கத்துல அன்னைக்கு எத்தனை கட்டை அடுக்குனோம்னு எழுதணும். அந்தப் பழக்கத்துல இங்கயும் எழுதிட்டாளுவ."

அதிகாரி பொல்லாதவர் இல்லை. "ஒருத்தர் மட்டும் சரியா எழுதியிருக்காங்க" என்றார். அது இவள் வரி.

"வாசிக்கத் தெரிஞ்சவ அந்த வேன்ல நான் ஒருத்திதான். ஊரு ஒலகத்தையெல்லாம் வாசிச்சேன். இத ஒருநாளு வாசிச்சுப் பாக்கலையே!" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

அது என் வேலை. சம்பளம் வாங்கியவன் நான். அப்போதும் வாயைத் திறக்காமல் நின்றேன். அடுத்த மாதம் புத்தகங்களைச் சாக்கில் கட்டி லாரியில் ஏற்றினோம்.

நாலு வருடம் கழித்து கோவில்பட்டி பஸ் நிலையத்தில் அவளைப் பார்த்தேன்.

"புதூர் பஸ் எது சார்?"

பஸ் எங்களுக்கு நேர் எதிரே நின்றது. போர்டில் ஊர்ப் பெயர் முழ நீளத்துக்கு எழுதியிருந்தது.

"கண்ணு தெரியலயாக்கா?" என்றேன்.

"கண்ணு நல்லாத்தான் தெரியுது. இப்போ எழுத்தப் பாக்கது இல்ல சார். பாத்தா அந்த ஒரு மணி நேரம் ஞாபகம் வருது."

பஸ்ஸைக் கை காட்டினேன். ஏறிக்கொண்டாள்.