பல்லில் கடித்த பாடம்

சுண்ணாம்புக்குளத்து ஜமுனாவுக்குத் தன்மேல் சந்தேகம் வந்து நான் பார்த்ததில்லை. பத்தாம் வகுப்பு அறிவியலில் இரண்டு தடவை தோற்றும், "கேள்வி சரியில்ல" என்று சொல்லிவிட்டு அடுத்ததற்குத் தயாரானாள். தேறினால்தான் எங்கள் ஊர் அங்கன்வாடி வேலைக்கு மனுப் போட முடியும். அந்த வேலைமேல் அவளுக்கு அவ்வளவு ஆசை.

ஆனால் படிக்க நேரம் ஏது? விடிந்தால் ஏரி. தண்ணீரில் குந்தி, இரண்டு கையாலும் சேற்றைத் துழாவி இறால் பிடிக்கிறவர்கள் நாங்கள். பிடித்ததைப் போடுகிற ஓலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டுதான் நகர வேண்டும். அதனால் அவள் நாத்தனார் சரண்யா புத்தகத்தோடு கூடவே நடந்து உரக்கப் படிப்பாள். ஜமுனா வாயைத் திறக்க முடியாது. மனசுக்குள்ளேயே திருப்பிச் சொல்லிக்கொள்வாள்.

சரண்யாதான் பொன்னேரியிலிருந்து ரோஸ்மேரி தைலம் வாங்கி வந்தாள்.

"படிக்கிறப்ப மோந்துக்க அண்ணி. பரிட்சையிலயும் அத்தயே மோந்தா படிச்சது ஞாபகம் வரும்னு சொல்றாங்க."

கை சேற்றில் இருக்கிறவள் எப்படி முகர்வது? பறியின் விளிம்பில் துணி சுற்றி அதில் தைலத்தைத் தடவிக்கொண்டாள், மூக்குக்கு நேர் கீழே. ஞாபகம் வருவது ஒரு பக்கம் இருக்கட்டும், அந்த வாசனைக்கே மனசு லேசாகிறது என்றாள். உண்மைதான். இறால் குறைந்தால் எங்கள்மேல் எரிந்து விழுகிறவள், அந்த நாட்களில் சும்மா இருந்தாள்.

பரிட்சைக்குக் கைக்குட்டையில் தைலம் விட்டுக்கொண்டு போனாள். கேள்வித்தாளைப் பார்த்ததும் எல்லாம் மறந்துபோனது. முகர்ந்தாள். மறுபடி முகர்ந்தாள். ஒன்றும் வரவில்லை. பயந்தே போய்விட்டேன் என்று பிறகு என்னிடம் சொன்னாள்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. வாய் சும்மா இருந்தபோது அவள் எதையும் படித்ததே இல்லை. கைக்குட்டையைச் சுருட்டிப் பல்லில் கடித்தாள். வாசனை ஏறியது. சரண்யாவின் குரல் காதில் கேட்டது. இதயத்தின் அறைகள் வரிசையாக வந்து நின்றன.

மேற்பார்வை ஆசிரியர் குனிந்து, "இன்னாம்மா, பல்வலியா?" என்றார். வாயைத் திறந்தால் எல்லாம் போய்விடும். தலையை மட்டும் ஆட்டிவிட்டு எழுதினாள்.

தேறிவிட்டாள். எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. "அப்ப தைலம் வேல செஞ்சிச்சா அண்ணி?" என்று கேட்டாள் சரண்யா.

"செஞ்சிச்சு. ஆனா அங்கன்வாடில பசங்களுக்குப் பாட்டு சொல்லித் தரணுமே. வாயில துணியக் கடிச்சிக்கினா பாடுறது?"

மறுநாள் ஜமுனா பறியைக் கொண்டுவரவில்லை. அலுமினியச் சட்டி ஒன்றைக் கயிற்றால் இடுப்பில் கட்டி மிதக்கவிட்டு இழுத்து வந்தாள். தலைத்துணியில் தைலம் மணத்தது. எங்கள் நடுவில் குந்தி, கையைச் சேற்றில் விட்டு, ஏரி முழுக்கக் கேட்கிற மாதிரி குழந்தைப் பாட்டு பாட ஆரம்பித்தாள்.