அண்ணன் ரஷ்ய எழுத்துப் படித்த நான்கு மாதம்

அண்ணனுக்கு ரஷ்யாவில் பொறியியல் படிக்கப் புலமைப்பரிசில் கிடைத்தபோது அவருக்குப் பத்தொன்பது வயது, எனக்கு ஒன்பது. எங்கள் வீடு தேற்றாத்தீவில், பிரதான வீதிக்கும் வாவிக்கும் நடுவில் இருந்தது. வீதியிலிருந்து வாசலுக்கு நூற்றுப்பதினெட்டுக் காலடி, பின்வளவிலிருந்து வாவிக்கரைக்கு இருநூற்றாறு. என் காலடிதான். பலமுறை நடந்து எண்ணியிருக்கிறேன்.

அந்த வருடம் வீதியில் ஜீப் சத்தம் கேட்டால் பெரியவர்கள் கதையைப் பாதியில் நிறுத்திவிடுவார்கள். அண்ணன் வயதுப் பையன்களில் சிலரை இராணுவத்தார் பிடித்துக்கொண்டு போனார்கள். சிலரை இயக்கத்தார் கூட்டிக்கொண்டு போனார்கள். எப்படிப் போனாலும் அவர்களின் தாய்மார் கோயில் வாசலில் ஒரே மாதிரித்தான் உட்கார்ந்திருந்தார்கள். அண்ணன் விமானம் ஏற இன்னும் நான்கு மாதம் இருந்தது. அந்த நான்கு மாதமும் அவரை வளவுக்குள் வைத்திருப்பது எப்படி என்பது அம்மாவின் கவலை. முப்பத்துமூன்று ரஷ்ய எழுத்தையும் அவர் பிழையில்லாமல் படித்து முடிப்பாரா என்பது என் கவலை.

நேர்முகத்துக்குக் கொழும்பு போன இடத்தில் அண்ணனிடம் மெல்லிய கைநூல் ஒன்றைக் கொடுத்திருந்தார்கள். முதல் பக்கத்தில் எழுத்துகள், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அதன் ஓசை ஆங்கிலத்தில். கூடவே வந்த கடிதத்தில், மொழி தெரிந்திருக்கத் தேவையில்லை, முதல் வருடம் முழுக்க அங்கேயே கற்றுத்தருவார்கள் என்று எழுதியிருந்தது. அப்பா அதை வாசித்து அம்மாவுக்கு விளக்கினார். அம்மா கடிதத்தை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, கைநூலை மட்டும் வெளியே எடுத்தார்.

"இவ்வளவும் பாடமாகுமட்டும் வாசல் தாண்டப்படாது, தம்பி."

அம்மாவுக்கு ஆங்கிலமும் தெரியாது, ரஷ்யமும் தெரியாது. அப்பா வாவிக்கு அப்பால், கொக்கட்டிச்சோலைப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் படிப்பித்தார். வெள்ளிக்கிழமைதான் வீட்டுக்கு வருவார். அதனால் பரிசோதகர் வேலை எனக்கு வந்தது. எனக்கு ஆங்கில எழுத்துகள் தெரியும். சிவப்புப் பேனையும் இருந்தது. ஒரு கொப்பியில் முப்பத்துமூன்று வரி கீறி, நாளுக்கொரு நிரலாகச் சரியும் பிழையும் போட்டுவந்தேன். நேரம் பின்னேரம் நாலு மணி. கோயில் வெளியில் பந்தடி தொடங்குவதும் அதே நாலு மணிக்குத்தான். அது தற்செயல் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ரஷ்ய எழுத்தில் புது முகங்கள் கஷ்டமில்லை. தெரிந்த முகங்கள்தான் ஏமாற்றின. Н என்று எழுதிவிட்டு 'ன்' என்கிறார்கள். Р என்று எழுதிவிட்டு 'ர்'. В என்றால் 'வ்'. Ж என்று வண்டுபோல ஆறு காலோடு ஒன்று இருந்தது. அதன் ஓசையை ஆங்கிலத்தில் இசட், எச் என்று இரண்டெழுத்தாகக் காட்டியிருந்தார்கள். இந்தியாவிலிருந்து வரும் புத்தகங்களில் ழகரத்தை இப்படித்தான் எழுதுவார்கள் என்று அப்பா சொன்னார். ஆகவே அண்ணன் அதை 'ழ' என்றே படித்தார், நானும் அதற்குச் சரி போட்டேன். அம்மாவுக்கு அதில் பெரிய ஆறுதல். "நம்மட எழுத்து ஒண்டு அங்கயும் இருக்கே, அப்ப நல்ல சனமாத்தான் இருக்கும்" என்றார். தவறு என்று சொல்ல ஊரில் ஆள் இல்லை.

Ы அண்ணனுக்கு இரண்டு வாரம் வரவில்லை. 'இ' என்பார், 'உ' என்பார். இரண்டும் இல்லை என்று கைநூல் சொன்னது. ஒருநாள் வாய்க்குள் 'பாக்கு, பாக்கு' என்று சொல்லிப் பார்த்தபோது, கடைசியில் உதடு குவியாமல் வரும் அந்த உகரம் கிட்டத்தட்ட அதுதான் என்று கண்டுபிடித்தேன். அண்ணன் என்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினார்.

Х என்பதைத் தொண்டையிலிருந்து காறி எடுக்க வேண்டும். பின்வளவு வழியாக வந்த மாமா அதைக் கேட்டுவிட்டார். அம்மாவின் தம்பி, வாவியில் தோணி வைத்து மீன்பிடிப்பவர்.

"என்னக்கா, மருமகனுக்குத் தொண்டையில முள்ளு மாட்டிற்றா?"

"படிக்கிறான்டா. உனக்கென்ன தெரியும்?"

"நாலு மாசம் இப்பிடிக் காறினா, ரஷ்யாக்காரன் மருந்து குடுத்துத் திருப்பி அனுப்பிருவான்."

அண்ணனுக்கு மண்டை நல்ல மண்டை. ஐந்தாம் வாரம் ஒரு புதன்கிழமை முப்பத்துமூன்றையும் மேலிருந்து கீழும், கீழிருந்து மேலும், நான் அடிமட்டக் கோலால் தொட்ட ஒழுங்கிலும் தடங்கலில்லாமல் சொன்னார். கொப்பியில் முதன்முதலாக ஒரு நிரல் முழுக்கச் சரி. அம்மா பக்கத்தில் இருந்து இறால் உரித்துக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தாமலே சொன்னார்:

"கடைசியில ஒண்டு பிழை."

"இல்லம்மா. எல்லாம் சரி."

"பிழை எண்டுறன்."

"உங்களுக்கு எழுத்தே தெரியாதேம்மா! நான் பார்த்தனான். முப்பத்துமூண்டும் சரி."

கொப்பியைத் தூக்கிக் காட்டினேன். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. என் கணக்கில் ஒரு நாளும் பிழை வந்ததில்லை. அண்ணன் எழும்பிச் சாரத்தை மடித்துக் கட்டினார்.

"பரிசோதகரே சொல்லிற்றா. அம்மா, சொன்ன சொல்லுச் சொல்லுத்தானே? ஒரு ஆட்டம். ஆறு மணிக்கு முந்தி வந்திருவன்."

அம்மா இறால் சட்டியைத் தள்ளி வைத்தார். அவர் எழும்பி வாசலுக்கு வருவதற்குள் அண்ணன் சைக்கிளில் போய்விட்டார். நான் வெற்றி பெற்றவளாக இருந்தேன்.

ஐந்து மணிக்குச் சற்று முன்பு வீதியில் வாகனங்கள் வந்து நின்றன. கோயில் வெளியைச் சுற்றி வளைக்கிறார்கள் என்று பக்கத்து வளவில் யாரோ சொல்லிக்கொண்டு ஓடினார்கள். அம்மா அழவில்லை, கூப்பிடவில்லை. அடுப்படியிலிருந்து சோற்றுப்பானையை எடுத்தார். மீதிச் சோற்றைச் சட்டியில் கொட்டினார். பானையோடு வாவிக்கரைக்கு நடந்தார். நானும் பின்னால் போனேன். முழங்காலளவு தண்ணீரில் நின்று பானையைக் கழுவத் தொடங்கினார்.

கரையோரக் கண்ணாமரக் காட்டுக்கு அப்பால், வாவியின் நடுவில் மாமாவின் தோணி தெரிந்தது. மாமா மட்டும் தோணியின் முன்முனையில், அணியத்தில் நின்று வலையை வீசினார், இழுத்தார், மறுபடி வீசினார். தோணிக்குள் பழைய வலை குவிந்து கிடந்தது. மீன்படும் நேரமே இல்லை அது. மாமாவுக்கு என்ன வந்தது என்று கேட்டேன்.

"அங்க பார்க்காத. பானையப் பார்" என்றார் அம்மா.

பானையைப் பார்த்தேன். உள்ளும் புறமும் பளிச்சென்று இருந்தது. அம்மா கழுவிக்கொண்டே இருந்தார். மண் போட்டுத் தேய்த்தார், அலசினார், திரும்ப மண் போட்டார். வெயில் வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பக்கம் சாய்ந்து, வாகனச் சத்தம் வீதியில் தேய்ந்து போனபிறகுதான் தோணி திரும்பியது. கரை தட்டியதும் பழைய வலைக்குவியல் அசைந்தது. அதற்குள்ளிருந்து அண்ணன் எழும்பினார். தலையெல்லாம் மீன் செதில்.

"இந்தாக்கா, இண்டைக்குக் கோயிலடிக் கரையில பட்டது இதுதான்" என்றார் மாமா. குரல் அவருடையதுபோல இல்லை.

அம்மா ஏசுவார் என்று காத்திருந்தேன். ஏசவில்லை. முந்தானையால் அண்ணனின் தலையைத் துவட்டினார். அம்மாவின் விரல்கள் தண்ணீரில் ஊறி வெளுத்து, சுருங்கிப் போயிருந்தன. அண்ணன் அந்த விரல்களைப் பிடித்துப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

அடுத்த நாள் நாலு மணிக்கு, நான் கூப்பிடாமலே வந்து பாயில் உட்கார்ந்தார். Н ஐத் தொட்டேன். "எச்" என்றார். Р ஐத் தொட்டேன். "பி" என்றார். முந்தின நாள் ஒரே மூச்சில் சொன்னவருக்கு அன்று ஏழு பிழை. மறுநாள் ஒன்பது. அதற்கடுத்த கிழமை நாலாகக் குறைந்தது, பிறகு திடீரென்று பதினொன்று. வலைக்குள் மூச்சடைத்துக் கிடந்ததில் மூளைக்கு ஏதோ ஆகிவிட்டதென்று பயந்தேன். இப்படியே போனால் ரஷ்யாக்காரர்கள் அவரை விமான நிலையத்திலேயே வைத்துத் திருப்பி அனுப்புவார்கள் என்று அம்மாவிடம் அழுதேன்.

"எத்தினை பிழை?"

"பதினொண்டு."

"அப்ப நாளைக்கும் இருந்து படிக்கட்டும்" என்றார் அம்மா. அவர் முகம் தெளிவாக இருந்தது. அன்றிரவு அண்ணனுக்குப் பிடித்த இறால் சொதி வைத்தார். தோற்ற பிள்ளைக்கு விருந்து வைக்கும் முறை எனக்கு விளங்கவில்லை.

பந்தடிக்காரப் பையன்கள் வாசலில் வந்து சைக்கிள் மணி அடிப்பார்கள். "இன்னும் பாடமாகல்ல மச்சான், மொக்கன் நான்" என்று அண்ணன் உள்ளிருந்தே கத்துவார். அவர்கள் சிரித்துவிட்டுப் போவார்கள். நான் சிவப்புப் பேனையை உதறி எழுத வேண்டியதாயிற்று, பிழைகள் அவ்வளவு.

புறப்படும் காலையில் அப்பாதான் கொழும்புவரை கூடப் போனார். பெட்டியைத் தூக்கும்போது அண்ணனின் சட்டையைப் பிடித்துக்கொண்டேன். கடைசியாக ஒருதரம் சொல்லாவிட்டால் விடமாட்டேன் என்றேன். அவர் குனிந்து, என் காதுக்குள், முப்பத்துமூன்றையும் வரிசையாகச் சொன்னார். ஒரு பிழை இல்லை. "இதை அம்மாட்டச் சொல்லாத, என்ன?" என்றார். பேருந்து வந்தது.

இரண்டாம் நாள் ஒரு தந்தி வந்தது, கொழும்பு சேர்ந்துவிட்டார்கள் என்று. அம்மா அதைக் கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார். ஐந்தாம் நாள் நண்பகலில் இன்னொரு தந்தி. விமானம் புறப்பட்டுவிட்டது. அம்மா என்னை இரண்டு முறை வாசிக்கச் சொன்னார். பிறகு அடுப்பிலிருந்த கறியை இறக்கினார். உள்ளறையில் பாயை விரித்தார். படுத்தார். நான் அவர் அழப்போகிறார் என்று பக்கத்தில் இருந்தேன். குறட்டை விட்டார்.

மகன் கடல் கடந்து போகிறான், பட்டப்பகலில் ஒரு தாய் குறட்டை விடுகிறாள். என்னால் தாங்க முடியவில்லை. கிணற்றடிக்குப் போய் இரும்பு வாளியைக் கல்லில் தூக்கித் தூக்கிப் போட்டேன். அம்மா எழும்பவில்லை. மாமாதான் ஓடிவந்து வாளியைப் பறித்தார்.

"என்ன மருமகள், விசரா?"

"அண்ணன் போயிற்றார் மாமா. அம்மா நித்திரை கொள்ளுறா."

மாமா எட்டி உள்ளறையைப் பார்த்தார். வாளியைச் சத்தமில்லாமல் கீழே வைத்தார். தலைப்பாகையை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"கொள்ளட்டும் புள்ள. கொள்ளட்டும்."

அம்மா விளக்கு வைக்கும் நேரத்திலும் எழும்பவில்லை. அவருக்கு அண்ணன்மேல் பாசமே இல்லை என்று நான் முடிவு செய்தேன். மூன்று நாள் அவரோடு கதைக்கவில்லை. நான்காம் நாள், தலை சிக்கெடுக்க வேறு ஆள் இல்லாததால் மட்டும், போய் அவர் முன்னால் உட்கார்ந்தேன்.