கடிக்காத நாய்

எங்கள் குடும்பத்தின் மொழிபெயர்ப்பாளன் என்ற பதவி பத்து வயதிலேயே எனக்குக் கிடைத்தது. அந்தப் பதவியில் நான் செய்த முதல் சாதனை, ஒரு அப்பாவி நாயின் பெயரைக் கெடுத்ததுதான்.

பொந்தியானில் நான் படித்த பள்ளியிலேயே, கற்பதற்குக் கூடுதல் உதவி தேவைப்படும் பிள்ளைகளுக்கென ஒரு சிறப்பு வகுப்பு இருந்தது. எட்டு வயதுத் தங்கை அதில் படித்தாள். அவளிடம் சொற்கள் குறைவு, குரல் அதிகம். தினமும் காலையில் பள்ளிக்கு நடக்கும்போது, மூலைவீட்டு நாயைத் தாண்டியதும் சாலையில் உட்கார்ந்துவிடுவாள். "கடிக்குது" என்பாள். அம்மா தூக்குவார், அவள் கத்துவாள், அம்மா கிள்ளுவார். பள்ளி வாசல்வரை இதே ஊர்வலம்.

அப்பா அந்த நாய்க்குப் பிஸ்கட் போட்டுச் சமாதானம் பேசினார். ஒரே வாரத்தில் அது எங்களோடு பள்ளிக்கு வரத் தொடங்கியது. தங்கை அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டே "கடிக்குது" என்று அழுதாள். நாய் படு தந்திரசாலி என்று நாங்கள் முடிவு செய்தோம். அம்மா கோயிலில் மந்திரித்த கயிறு வாங்கி வந்து கட்டினார். நாய்க்கு அல்ல, தங்கைக்கு.

தலைமையாசிரியருக்குப் பொறுமை தீர்ந்தது. இன்னொரு முறை வாசலில் கூச்சல் கேட்டால் பிள்ளையை வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று என் மூலமாக அம்மாவிடம் சொல்லிவிட்டார். பக்கத்தில் வேறு சிறப்பு வகுப்பு கிடையாது. மறுநாளே கூச்சல்.

வகுப்பாசிரியை அம்மாவை உள்ளே அழைத்தார். அம்மாவுக்கு மலாய் வராது; அதனால் சிறப்பு வகுப்பில் நானும் நின்றேன். வகுப்பாசிரியை மலாய்க்காரர். மலாயில் ஆசிரியரைச் சிக்கு என்போம். தமிழில் சிக்கு என்றால் என்னவென்று பாவம் அவருக்குத் தெரியாது. தங்கை சொன்னதை மலாயில் சொன்னேன்: நாய் கடிக்கிறதாம். அதில் நாய் என் சொந்தச் சரக்கு.

சிக்கு என்னை நம்பவில்லை. அந்த மாதம் அவர்களுக்கு உடம்பைப் பற்றிய பாடம். மாஜோங் தாள் என்னும் பெரிய வரைதாளைத் தரையில் விரித்துத் தங்கையை அதன்மேல் படுக்கவைத்து, தலைமுதல் கால்வரை சுற்றிக் கோடு போட்டார். அவள் எழுந்த பிறகும் தாளில் ஒரு தங்கை படுத்திருந்தாள். நெற்றிப் பொட்டுபோன்ற சிவப்பு ஒட்டுத்தாள்களைக் கையில் கொடுத்து, "மானா சாக்கிட்?" என்றார். எங்கே வலிக்கிறது? வீட்டில் யாரும் அதைக் கேட்டதில்லை. ஏன் அடம்பிடிக்கிறாய் என்றுதான் கேட்டிருந்தோம்.

தங்கை தாளில் இரண்டு குதிகாலிலும் ஒட்டினாள். கால்விரல்களில் ஒட்டினாள். பிறகு தன் சொந்தக் கையில், அம்மா கிள்ளும் இடத்தில் ஒன்று. அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

சிக்கு அவளுடைய வெள்ளைச் சப்பாத்தைக் கழற்றினார். காலுறையோடு தோலும் கொஞ்சம் வந்தது.

அதற்குள் தலைமையாசிரியர் வந்து நின்றார். காரணம் எதுவானாலும் சப்பாத்தில்லாமல் வகுப்பில் உட்காரக்கூடாது என்றார். நான் மொழிபெயர்த்ததும் அம்மா சப்பாத்தை எடுத்துத் தங்கையிடம் நீட்டினார்.

"இன்னிக்கு மட்டும் மாட்டிக்க பாப்பா. சார் பாக்கிறாரு லா."

"மாட்டேன்."

"மாட்டும்மா."

"மாட்டேன்."

தமிழில் கட்டளையும் மறுப்பும் இத்தனை பக்கத்து வீடுகள் என்பது அன்றுதான் தெரிந்தது. மொழிபெயர்க்கச் சொல்லித் தலைமையாசிரியர் என்னைப் பார்த்தார். நான் என் கால்களைப் பார்த்தேன். தங்கை குனிந்து, மீதமிருந்த சிவப்புப் பொட்டை அவருடைய பளபளக்கும் கறுப்புச் சப்பாத்தின் நுனியில் ஒட்டினாள்.

அவர் அதைக் குனிந்து பார்த்தார். பொட்டை எடுக்காமலே போய்விட்டார். போகும்போது லேசாக நொண்டினார் என்று இன்றுவரை சாதித்துவருகிறேன். வகுப்பு அவளுக்கு நிலைத்தது, வெறுங்காலோடு.

மதியம் அவள் நாயோடு முன்னால் ராணிபோல நடந்தாள். பின்னால் நான், அவளுக்காகப் பரிதாபப்பட்டுக்கொண்டு. அந்தச் சப்பாத்து அதற்கு முன் இரண்டு வருடம் என்னுடையது. விரல்களை மடக்கிக்கொண்டே நடந்து, வாய் திறக்காத நல்ல பிள்ளை என்று பெயர் வாங்கியிருந்தேன். கடிப்பதுதான் சப்பாத்து என்று நினைத்திருந்தேன்.