குடிநீர் ஏரியில் குடல் அலசிய ஞாயிறு

மெர்டேக்கா என்று நாட்டுக்குச் சுதந்திரம் வந்து சில வருடங்கள் கழித்துத்தான் ஆயர் குரோ பக்கத்தில் இருக்கும் குடிநீர் ஏரியின் இரும்புக் கதவை ஞாயிற்றுக்கிழமைகளில் நமக்குத் திறந்தார்கள். அதுவரை உள்ளே வெள்ளைக்காரன் காலத்துக் கிளப்காரர்கள் படகு விடுவார்கள், டவுன் சனம் எல்லாம் வேலிக்கு வெளியே. ஏரி கட்டுவதற்கு முன்பே தோட்டத்து மக்கள் வைத்த முனியாண்டி கோயில் ஒன்று கரையில் இருக்கிறது. அவர்களும் வேலிக்கு இந்தப் பக்கம் நின்றே கற்பூரம் காட்டி வந்தார்கள். கதவு திறந்தது என்று கேள்விப்பட்டதும் நானும் கிளம்பினேன். நீங்களும் போக நினைத்தால் முதலில் இதைப் படியுங்கள். எரிச்சலோடுதான் எழுதுகிறேன்.

டவுனில் எங்கள் காஜா பெராங் தெருவிலிருந்து பஸ் ஸ்டாண்டுக்கு நடந்துவிடலாம். காலை எட்டு மணி பஸ், ஆளுக்கு முப்பது காசு. ஏழாம் கட்டை மைல்கல்லில் இறங்கி ரப்பர் காட்டுக்குள் ஒரு மைல் நடக்க வேண்டும். அட்டை கடிக்கும், கால்சட்டையை மடித்து விடாதீர்கள். என் மனைவியின் தம்பி வீரையா, கிடாவும் அண்டா குண்டாவுமாக லாரியில் முன்னாலேயே போய்விட்டான். அவன் மகனுக்கு அம்மை இறங்க வேண்டும் என்று முனியாண்டிக்கு நேர்ந்துகொண்ட கிடா.

கதவருகே ஜாகா ஆறுமுகம் நின்றார். தோட்டத்து ஆள்தான், இப்போது ஏரிக்குக் காவல்.

"உக்காருங்க, சாப்புடுங்க, சாமி கும்புடுங்க. ஏரியில மட்டும் கை வைக்காதீங்க. கழுவுறதெல்லாம் இந்தக் கெணத்துலதான்" என்று கதவுக்கு வெளியே இருந்த கிணற்றைக் காட்டினார். இதைவிடத் தெளிவாக ஒரு மனிதர் எப்படிச் சொல்வார்?

உள்ளே இடம் அருமை, பொய் சொல்ல மாட்டேன். நல்ல நிழல், காற்று. ஏரி நடுவில் கிளப்பின் மோட்டார் படகு சுற்றிக்கொண்டிருந்தது. அது போன வழியெல்லாம் தண்ணீர்மேல் எண்ணெய் மினுங்கியது. நம்மைக் கை வைக்காதே என்கிறார்கள், இதைக் கேட்க ஆளில்லையா? அதிகாரி யாராவது வந்தால் நாலு வார்த்தை கேட்பது என்று முடிவு செய்தேன்.

அணையைச் சுற்றிவிட்டுக் கோயிலுக்கு வந்தால், வீரையா வாளியோடு கரையில் குந்தி ஆட்டுக்குடலை அலசிக்கொண்டிருக்கிறான். பக்கத்தில் தண்ணீரே கலங்கிப் போயிருந்தது.

"என்னடா பண்ற? இந்தத் தண்ணிதானே நம்ம வூட்டுப் பைப்புல வருது?"

"கெணறு அரை மைல் மாமா. வெயில்ல எவன் தூக்கிட்டுப் போறது? பைப்புல விடுறதுக்கு முன்னாடி மருந்து போட்டுத்தானே அனுப்புறாங்க."

அறிவுகெட்டவன். அம்மை இறங்கி இப்போதுதான் எழுந்து நடக்கும் அவன் பிள்ளையும் அந்தப் பைப்புத் தண்ணீரைத்தான் குடிக்கிறது. கையைப் பிடித்து இழுத்தேன். அதற்குள் ஒரு ஜீப் வந்து நின்றது.

இறங்கிய தண்ணீர் இலாகா அதிகாரி குடலைப் பார்த்தார், தண்ணீரைப் பார்த்தார். அடுத்த வாரத்திலிருந்து வெளியாட்களுக்குக் கதவு திறக்காது என்று மலாயில் சொன்னார், அவ்வளவுதான். படகு மட்டும் ஓடலாமா என்று கேட்க வாயெடுத்தேன். அவர் கண் வீரையாவின் வாளியிலேயே இருந்தது. வாயை மூடிக்கொண்டேன். அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

"படிச்சுப் படிச்சுச் சொன்னேனே ஐயா. கோயிலுக்கு வழி ஏன் போச்சுன்னு தோட்டத்துச் சனம் கேட்டா நான் என்ன பதில் சொல்றது?" என்றார் ஆறுமுகம். கறிச்சோற்றை யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

ஆக, இப்போதைக்குப் போகாதீர்கள், பஸ் காசுதான் வீண். கதவைத் திறக்கச் சொல்லி எங்கள் தெருவில் மனு எழுதுகிறார்கள். கையெழுத்துப் போட்டிருக்கிறேன், படகைப் பற்றியும் எழுதச் சொல்லியிருக்கிறேன். மறுபடி திறந்தால் போங்கள், கிணற்றுக்கு அரை மைல் நடங்கள். நடக்க முடியாதவர்கள் தயவுசெய்து வீட்டிலேயே படையல் போடுங்கள். வெள்ளைக்காரன் நம்மை வெளியே நிறுத்தியபோது அவனுக்குக் காரணம் எதுவும் தேவைப்படவில்லை. இன்றைக்கு நிறுத்துகிறவர்களுக்குக் காரணத்தை நாமே அலசிக் கையில் கொடுத்துவிட்டோம்.