ஆறு கல்லும் நார்மனின் நாற்காலியும்

பெரில் டோஃப்ட் தினமும் நாலு மணிக்கு இரண்டு கோப்பை டீ ஊற்றுவாள். ஒன்று அவளுக்கு, ஒன்று நார்மனுக்கு. நார்மன் செத்து இரண்டு வருஷம் ஆகிறது.

"ஆறிப்போன டீயை யாருடி குடிக்கிறது?" என்று கேட்பேன்.

"உயிரோட இருந்தப்போ மட்டும் சூடாவா குடிச்சாரு? பேப்பர் படிச்சே ஆறவைப்பாரு" என்பாள்.

நான் அவளுடைய பக்கத்துப் படகுக்காரி, கோனி. எங்களுக்குப் படகுதான் வீடு; பதினெட்டு வருஷமாக இந்தக் கால்வாயில்தான் குடித்தனம். பேய் என்று யாராவது பேச்செடுத்தால் எனக்குச் சிரிப்புதான் வரும். அப்போதெல்லாம் வரும் என்று சொல்ல வேண்டும்.

பெரிலின் படகு 'கர்லூ'. ஐம்பத்தேழடி நீளம், ஏழடிதான் அகலம். உள்ளே வலப்பக்கம், கரியடுப்பை ஒட்டி நார்மனின் நாற்காலி. மனுஷன் நூற்றுப்பத்துக் கிலோ. ஒரு மார்ச் மாதம் அந்த நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்விட்டார். பெரில் பிஸ்கட் டப்பாவை எடுக்கத் திரும்பிய நேரம். "அங்கதான் இருக்காரு, எழுந்து போகல" என்று அன்றிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தாள். யாரையும் அதில் உட்கார விடமாட்டாள்.

ஏப்ரலில் கர்லூவைக் கரைக்குத் தூக்கி, பரிசோதகர் சுத்தியலால் தட்டித் தட்டிப் பார்த்தார். "அடித்தகடு டப்பா மூடி கணக்கா மெலிஞ்சு போச்சும்மா. இந்தக் குளிர்காலம் தாண்டாது" என்றார். ஏதோ ஒரு பட்டறையில் புதுப் படகுக்குச் சொல்லிவைத்தாள். ஜூனில் தருகிறேன் என்றான் பட்டறைக்காரன் டாரில். ஜூன் போய் ஆகஸ்ட் வந்தது. எப்போது கேட்டாலும் "ரெண்டே வாரம்மா" தான்.

"உன் ரெண்டு வாரத்துல நோவா கப்பலையே கட்டி முடிச்சிருப்பாரு!" என்று போனைப் பிடுங்கி நான் கத்தினேன்.

காத்திருந்த அந்த மாதங்கள் சாதாரணமானவை அல்ல. பாதிச் சாமான் பெட்டிக்குள், மீதி காலுக்கடியில். பதினாலு நாளைக்கொருமுறை படகை நகர்த்தியாக வேண்டும், அதுதான் சட்டம். தண்ணீர்த் தொட்டியை நிரப்புவது, கழிவறைப் பெட்டியைத் தள்ளுவண்டியில் வைத்துக் கொட்டப்போவது, விடிந்ததும் சன்னலில் வழியும் ஈரத்தைத் துடைப்பது. ஒருநாள் சன்னலைத் துடைத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டாள்: "கோனி, புதுசுக்கு அவரு வருவாரா?"

அவளுடைய கவலை முழுக்க அதுதான் என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

அக்டோபரில் கர்லூவின் தரைக்கடியில் தண்ணீர் கசியத் தொடங்கியது. பலகைகளைத் தூக்கிப் பார்த்தோம். படகு மட்டமாக மிதக்க அடியில் பாரக்கல் அடுக்குவது வழக்கம்; இரண்டு பக்கமும் சமமாக வைப்பார்கள். இங்கே இடப்பக்கம் மட்டும் ஆறு நடைபாதைக் கல் கூடுதலாக இருந்தது. ஒன்றின்மேல் சாக்கட்டியில் நார்மனின் கையெழுத்து: 'என் தொந்திக்கு ஈடு'.

நான் சிரித்துவிட்டேன். வலப்பக்கம் தான் உட்காரும் பாரத்துக்கு, பெண்டாட்டிக்குத் தெரியாமல் இடப்பக்கம் எடைபோட்டு வைத்திருக்கிறார். சிரிப்பு பாதியிலேயே நின்றது. அப்படியென்றால் அவர் இல்லாத இந்த இரண்டு வருஷமும் படகு இடப்பக்கம் சாய்ந்திருக்க வேண்டாமா?

மட்டம் பார்க்கும் ரசமட்டத்தை எடுத்துவந்து தரையில் வைத்தேன். குமிழி நட்டநடுவில் நின்றது. துளிக்கூடச் சாய்வில்லை. பெரில் மட்டும் நாற்காலியைப் பார்த்து, "நான்தான் சொன்னேனே" என்றாள்.

நவம்பரில் ஒருவழியாகப் புதுப் படகு வந்தது. கிரேன் அதைக் கர்லூவுக்குப் பக்கத்தில் இறக்கியது. மறுநாள் காலை கர்லூவைத் தூக்கிப்போய் உடைத்துவிடுவார்கள். பகல் முழுக்கச் சாமான் மாற்றினோம். நாற்காலியையும் கொண்டுபோய் அடுப்போரம் வலப்பக்கமே போட்டோம். மட்டம் சரிபார்த்துவிட்டு டாரில் கிளம்பினான்.

நாலு மணி. பெரில் இரண்டு கோப்பை ஊற்றினாள். நான் ரசமட்டத்தை வைத்தேன். குமிழி நடுவில். அவர் வந்து உட்கார்ந்திருந்தால் வலப்பக்கம் சாய்ந்திருக்கும். ஓடிப்போய்க் கர்லூவில் வைத்துப் பார்த்தேன். அங்கும் நடுவில்தான். அங்கே இடப்பக்கக் கல் அப்படியே இருந்தது, வலப்பக்கம் நாற்காலிகூட இல்லை.

நான் முகத்தை மாற்றிக்கொள்ளத் தெரியாதவள். திரும்பி வந்ததும் பெரிலுக்கு விளங்கிவிட்டது. கோட்டை எடுத்து மாட்டினாள்.

"நான் அங்கயே போறேன். கிரேன்காரனுக்கு வேண்டாம்னு சொல்லிடு."

"மூழ்கிப் போவேடி! பனி விழறதுக்குள்ள மூழ்கிப் போவே!"

"போனா ரெண்டு பேராப் போறோம்."

கிழவியைக் கட்டிப்போட்டுவிடலாமா என்றுகூட நினைத்தேன். அப்போதுதான் பொறிதட்டியது. கால்வாயில் எந்த மனுஷரும் அடுத்தவர் படகில் கூப்பிடாமல் கால் வைக்கமாட்டார்கள். கூரையில் தட்டிவிட்டுக் கரையிலேயே நிற்பார்கள். நார்மன் இதில் மகா கண்டிப்பு. ஒருமுறை நான் தூங்கிப்போனதால் இருபது நிமிஷம் மழையில் நின்றவர்.

"அடி மடச்சி, இந்தப் படகு யார் பேர்ல வாங்கியிருக்க?"

"என் பேர்ல. செத்தவர் பேர்ல தருவானா?"

"அப்புறம் அவரு எப்படி வருவாரு? உள்ள வான்னு நீ ஒரு வார்த்தை கூப்பிட்டியா?"

பெரில் என்னையே பார்த்தாள். பிறகு பின்கதவைத் திறந்து, கர்லூவைப் பார்த்து, நாற்பது வருஷம் அதட்டிய அதே குரலில் கூப்பிட்டாள்.

"நார்மன்! டீ ஆறுது. உள்ள வாங்க. காலைத் துடைச்சிட்டு வாங்க, தரை புதுசு."

காற்றே இல்லை. கர்லூவின் கயிறு முனகியது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது மெல்ல இடப்பக்கம் சாய்ந்தது. அடுத்த மூச்சில் எங்கள் காலுக்கடியில் புதுப் படகின் பின்பக்கம் ஒருமுறை அமிழ்ந்து எழுந்தது. ஆள் ஏறினால் எப்படி அமிழுமோ அப்படி. பிறகு படகு வலப்பக்கம் சரிந்தது. அவருடைய கோப்பையிலிருந்த டீ ஓரமாக வந்து தட்டில் சிந்தியது.

நான் கதவைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். பெரில் அழுதாள், அழுதுகொண்டே துணியை எடுத்துத் தட்டைத் துடைத்தாள்.

"கோனி, கிரேன் வர்றதுக்குள்ள அந்த ஆறு கல்லையும் எடுத்துட்டு வந்திடுவோமா?" என்றாள்.

ஆறையும் நான்தான் சுமந்தேன்.