கிணற்றுச் சுவரின் சுண்ணாம்பு

எங்கள் தெருக்காரர்களுக்கு ஒரு வியாதி உண்டு. கோயில் திருவிழாவுக்குக் கொடி ஏறுவதற்கு முந்தின வாரம், கண்ணில் பட்டதற்கெல்லாம் சுண்ணாம்பு அடித்துவிடுவோம். வீடு, சிலுவை நிற்கும் குருசடி, தெருமுனைக் கல் கிணறு, எதுவும் தப்பாது. கிணறு அப்பாவின் பங்கு. பூட்டுப் பட்டறைக்கு லீவு போட்டுவிட்டு, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு கைப்பிடிச் சுவரைச் சுற்றிச் சுற்றி அடிப்பார். அவர் இறந்துபோன பிறகு சுண்ணாம்பு மட்டை என் கைக்கு வந்தது.

போன வருஷம், சாலையை அகலமாக்கக் கிணற்றை மூடப்போவதாகச் சொல்லி அளவெடுத்துப் போனார்கள். தெருவே கூடி மனு எழுதிக் கொடுத்தோம். பழைய கிணறு என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். எனக்குத்தான் பொத்துக்கொண்டு வந்தது கோபம்.

எதிர்வீட்டில், பள்ளியில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்ற டீச்சர் இருக்கிறார். சின்ன வயதில் சுவரின் கிழக்குப் பக்கக் கல்லில் எழுத்துகளைத் தடவிப் பார்த்த ஞாபகம் என்றார் அவர். ஆக, ஆதாரத்தை மூடி மறைத்தது நாங்களேதான், அதுவும் பக்தியோடு. இரண்டு வாரத்தில் தொல்லியல் அதிகாரி வருவதாக இருந்தது. அதற்குள் எழுத்து தெரியாவிட்டால் கிணறு போச்சு.

ஞாயிறு பூசை முடிந்ததும் ஆளுக்கொரு வாளியோடு சுவரைச் சுற்றி உட்கார்ந்தோம். எனக்குப் பொறுமை கிடையாது. குளியலறை கழுவும் ஆசிட் பாட்டிலோடு போனேன். டீச்சர் அதைப் பிடுங்கி ஓரமாக வைத்தார்.

“இம்புட்டு வருஷமா வெயில், மழை படாம எழுத்தைக் காப்பாத்துனதே இந்தச் சுண்ணாம்பாத்தான் இருக்கும். நார வச்சுப் பைய தேய்யி, அப்பு.”

தேங்காய் நாரும் மூங்கில் சிம்புமாகத் தேய்த்தோம். மேலே இருந்தது நான் அடித்த வெள்ளை, அது சீக்கிரம் உதிர்ந்தது. அடியில் திடீரென்று நல்ல நீலம் வந்தது. தங்கச்சி கல்யாண வருஷம் சந்தோஷத்தில் அப்பா சுண்ணாம்பில் நீலத்தை டப்பாவோடு கவிழ்த்துவிட்டார். கிணற்றுக்கு யூனிபாரம் தைத்துப் போட்டாயா என்று தெருவே கேலி செய்தது. அவரும் சேர்ந்து சிரித்தார்.

என் கை நின்றுவிட்டது. டீச்சர் திரும்பிப் பார்த்தார்.

“இது அப்பா அடிச்சது, டீச்சர்.”

“நான் தேய்க்கட்டா?”

“வேணாம். நானே தேய்க்கிறேன்.”

கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் தேய்த்தேன். வெட்கப்பட ஒன்றுமில்லை.

சாயங்காலம் எழுத்து தெரிந்தது. ஏதாவது ராஜா பேர் இருக்கும் என்று ஆளாளுக்கு அளந்துகொண்டிருந்தோம். டீச்சர் விரலை வைத்து எழுத்துக் கூட்டி வாசித்தார்: “தெருவார் உபயம்.” அவ்வளவுதான். எங்களைப் போன்ற ஆட்கள் வெட்டிய கிணறு. எனக்கு ராஜா பேரைவிட அதுதான் பிடித்திருந்தது.

அதிகாரி வந்து பார்த்தார், படம் எடுத்தார். கிணற்றை விட்டுவிட்டுச் சாலை வளைந்து போகும் என்று முடிவாயிற்று. கல்லின் மேல் இனி எதையும் பூசக்கூடாது என்றும் எழுதிக் கொடுத்தார்கள்.

இந்த வருஷம் திருவிழாவுக்குத் தெரு முழுக்க வெளுத்தது, கிணறு மட்டும் கருங்கல்லாக நின்றது. வெளியூரிலிருந்து வந்தவர்கள் அதன் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். நல்ல காரியம் செய்தீர்கள் என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். வீட்டை இடித்துக் கட்டிய பிறகு, அப்பாவின் கைபட்டதென்று ஊரில் மிஞ்சியிருந்தது அந்தச் சுவர் ஒன்றுதான். அதை உரித்து வாளியில் கரைத்து ஊற்றியதும் இந்தக் கைதான்.