பியூலாவுக்கு ஒரு சாட்சி

யோகேஸ்வரியை முதன்முதலாகப் பார்க்கிறவர்களுக்கு அவள் கறாரான ஆள் என்று தோன்றும். திருத்தங்கலில் அவள் கணவனின் அண்ணன் செந்தூர்பாண்டி நடத்துகிற காலண்டர் கம்பெனியில் செக்கிங் பிரிவு அவள் பொறுப்பு. தேதித்தாள் ஒன்று கோணலாக ஒட்டியிருந்தாலும் அதைத் தனியே எடுத்து வைத்துவிடுவாள். மலேசியாவுக்குப் போகிற லோடானாலும் மதுரைக்குப் போகிற லோடானாலும் அவள் பார்க்காமல் வண்டி கிளம்பாது. கணவன் காளிராஜ் அதே அண்ணனின் அச்சகத்தில் ஆப்செட் மிஷின் ஓட்டுகிறவர். ஒரே மகள் ஐஸ்வர்யா, ஒன்பதாம் வகுப்பு.

எனக்கு அவர்களைத் தெரிந்தது வேறு வழியில். நான் சாத்தூரில் பள்ளி ஆசிரியன். நானும் என் மனைவியும் எங்கள் மகனை விருதுநகரில் உள்ள ஒரு குழந்தைகள் இல்லத்திலிருந்து தத்தெடுத்தோம். ஐஸ்வர்யாவும் அந்த இல்லத்துப் பிள்ளைதான். தத்தெடுத்த பெற்றோர் எல்லாரும் வருடத்துக்கு ஒருமுறை அங்கே கூடுவோம். பிள்ளைகள் விளையாடும், நாங்கள் பேசிக்கொண்டிருப்போம். கேட்டைத் தாண்டி வெளியே வந்துவிட்டால் யாரும் யாரையும் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ள மாட்டோம். இருக்கன்குடி கோயில் கூட்டத்தில் எதிரெதிரே வந்தால்கூட முகத்தைத் திருப்பிக்கொள்வோம். பிள்ளைகளிடம் உண்மையைச் சொல்லியிருந்தோம். ஊரிடம் சொல்லவில்லை. யோகேஸ்வரி ஐஸ்வர்யாவைக் கைக்குழந்தையாகக் கொண்டுவருவதற்கு முன்பு சில மாதம் திருப்பூரில் போய் இருந்தாள். பிரசவம் அங்கே நடந்ததாகச் சொந்தக்காரர்களிடம் சொன்னது செந்தூர்பாண்டியின் ஏற்பாடு.

அந்த இல்லத்தில் பியூலா என்றொரு சிறுமி இருந்தாள். முதுகுத்தண்டில் கட்டியோடு பிறந்தவள். அறுவை சிகிச்சை நடந்தும் கால்களுக்கு வலு வரவில்லை. கையால் தரையை உந்தி உந்தி வராந்தா முழுக்கச் சுற்றுவாள். வருகிறவர்களை எல்லாம் நிறுத்தி, "உங்க பேரென்ன, என்ன கொண்டாந்தீக?" என்று கேட்பாள். ஐஸ்வர்யா மீது அவளுக்கு அப்படி ஒரு ஒட்டுதல். ஐஸ்வர்யா வந்தால் மடியைவிட்டு இறங்க மாட்டாள்.

சட்டப்படி முதலில் நம் நாட்டுப் பெற்றோருக்குத்தான் பியூலாவைக் காட்டினார்கள். கேட்டவர்கள் எல்லாரும் மருத்துவ விவரத்தைப் படித்துவிட்டு விலகிக்கொண்டார்கள். ஆறு வயது நெருங்கும்போது, ஐரோப்பாவில் பனி அதிகம் பெய்கிற ஒரு சிறிய நாட்டிலிருந்து ஒரு தம்பதி அவளைக் கேட்டார்கள். மனைவி பெயர் மாரித். இப்படிப்பட்ட குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற நர்ஸ். இல்லத்து ஆயாக்கள் அவளுக்கு மாரியம்மா என்று பெயர் வைத்துவிட்டார்கள். வாரத்துக்கு ஒருநாள் மாரித் வீடியோ காலில் வருவாள். இல்லத்தின் நர்ஸ் ஞானதீபம் சிஸ்டர் பக்கத்தில் உட்கார்ந்து மொழிபெயர்ப்பார். பியூலா அந்த ஊர் மொழியில் 'அம்மா' என்று சொல்லப் பழகிவிட்டாள்.

அப்போதுதான் அந்த நாட்டு அரசு, வெளிநாடுகளிலிருந்து இனிக் குழந்தைகளைத் தத்தெடுக்கக் கூடாது என்று அறிவித்தது. பல வருடங்களுக்கு முன் தப்பான முறையில் கொண்டுவரப்பட்ட குழந்தைகள் இப்போது பெரியவர்களாகி, கேள்வி கேட்கத் தொடங்கியிருந்தார்கள். அதனால் எல்லாக் கோப்புகளும் அப்படியே நின்றன. பியூலாவுடையதும் நின்றது.

மாரித்தும் அவளைப் போன்ற பெற்றோரும் அங்கே போராட்டத்தில் இறங்கினார்கள். அந்த நாட்டு நாடாளுமன்றக் குழு ஒன்று எல்லாத் தரப்பையும் விசாரிக்க முன்வந்தது. "இந்தக் குழந்தைகளை அவர்கள் ஊரிலேயே யாராவது எடுத்துக்கொள்ள மாட்டார்களா?" என்பதுதான் குழுவின் பெரிய கேள்வி. அதற்கு நம் ஊரில் தத்தெடுத்தவர் யாராவது நேரில் பதில் சொன்னால் நன்றாக இருக்கும் என்று மாரித் கேட்டாள். ஞானதீபம் சிஸ்டர் எங்களை எல்லாம் அழைத்துச் சொன்னார். விசாரணை இணையத்தில் நேரலையாக ஓடும், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்பதையும் மறைக்காமல் சொன்னார்.

நாங்கள் எல்லாரும் தரையைப் பார்த்தோம். யோகேஸ்வரி மட்டும் பியூலாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் பேசுதேன் சிஸ்டர்," என்றாள்.

விஷயம் அன்றைக்கே செந்தூர்பாண்டி காதுக்குப் போனது. மறுநாள் காலை வீட்டுக்கே வந்துவிட்டார். குரலை உயர்த்தாத மனிதர். அன்றும் உயர்த்தவில்லை.

"ஏம்மா, நாளைக்கு இந்தப் பிள்ளைக்கு மாப்பிள்ளை பாக்கணும். யார் பெத்த பிள்ளைன்னு கேட்டா என்ன சொல்லுவ? இம்புட்டு வருசம் காபந்து பண்ணி வச்சிருக்கோம். ஏதோ ஒரு நாட்டுக்காரிக்காக அதை நீயே உடைக்கணுமா?"

"நாட்டுக்காரிக்காக இல்ல அத்தான், பியூலாவுக்காக."

"அவளுக்குப் பேச வேற ஆளே கிடையாதா? ஏலே காளி, நீ ஒண்ணும் சொல்ல மாட்டியா?"

காளிராஜ் அண்ணனுக்கு எதிராக வாயைத் திறந்து யாரும் பார்த்ததில்லை. "பிள்ளைகிட்டக் கேப்போம் அண்ணே. அவ வேண்டாம்னா வேண்டாம்," என்று மட்டும் சொன்னார்.

ஐஸ்வர்யா பள்ளிக்கூடத்துக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். எல்லாம் அவள் காதில் விழுந்திருந்தது.

"பெரியப்பா, என்னையக் களவாண்டா கொண்டாந்தாங்க? கோர்ட்டு வரைக்கும் எழுதிக் கொடுத்துத்தானே கூட்டியாந்தாங்க. அப்புறம் என்னத்துக்கு ஒளிச்சு வைக்கணும்?" ரிப்பனைக் கட்டி முடித்தாள். "அம்மா பேசட்டும். நானும் பக்கத்துல உக்காருதேன்."

செந்தூர்பாண்டி காபியைக் குடிக்காமலே எழுந்து போனார்.

விசாரணை நடந்த மதியம், இல்லத்து அலுவலக அறையில் திரையைச் சுவரில் ஏற்றியிருந்தார்கள். யோகேஸ்வரி கம்பெனிக்குக் கட்டிப் போகிற பருத்திச் சேலையில்தான் வந்தாள். நல்ல சேலை கட்டினால் பேச்சு வராது என்றாளாம். நாங்கள் நாலைந்து குடும்பம் துணைக்குப் போனோம். கேமராவில் படாத சுவரோரமாகப் பார்த்து உட்கார்ந்துகொண்டோம்.

மொழிபெயர்க்க அங்கிருந்து ஒரு ஈழத்துப் பெண் திரையில் வந்தார். "அவசரம் இல்லை அம்மா, ஆறுதலாக் கதையுங்கோ," என்றார். அந்த வார்த்தை யோகேஸ்வரிக்குப் பிடித்துப்போனது. தண்ணீர் குடித்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

அவளுக்கு முன்னால் பேசியவர் எரிக் என்பவர். கறுத்த முகம், நரை விழத் தொடங்கிய தலை. தமிழ்நாட்டிலிருந்து கைக்குழந்தையாகக் கொண்டு செல்லப்பட்டவர். தாய் இறந்துவிட்டதாக அவருடைய ஆவணம் சொன்னது. வளர்ந்தபின் தேடி வந்தபோது, தாய் அண்மைக்காலம் வரை உயிரோடு இருந்ததும், பிள்ளையை விட்டுக்கொடுக்கச் சம்மதிக்காததும் தெரிந்ததாம். "என்னைப் போல இன்னொருவன் வேண்டாம். கதவை மூடுங்கள்," என்று அவர் முடித்தார். இதற்கு மேல் யோகேஸ்வரி என்ன சொல்லிவிட முடியும் என்றுதான் நான் நினைத்தேன்.

அவள் குழுவிடம் பேசத் தொடங்கவில்லை. எரிக்கைப் பார்த்துத்தான் பேசினாள்.

"தம்பி, உங்களுக்கு நடந்தது அநியாயம். உங்க அம்மாவுக்கு நடந்தது அதைவிடப் பெரிய அநியாயம். அதைச் செஞ்சவங்களைக் கூண்டுல ஏத்தணும். அதுல எனக்கு மறுபேச்சு இல்ல."

மொழிபெயர்க்கும்வரை காத்திருந்தாள். பிறகு குழுவின் பக்கம் திரும்பினாள்.

"எங்க ஊருல யாரும் எடுக்க மாட்டாங்களான்னு கேட்டீக. எடுக்கோம். நானே எடுத்திருக்கேன், இவ என் மக. இன்னைக்கு விண்ணப்பிச்சா வருசக்கணக்காக் காத்துக் கிடக்கணும், அம்புட்டுப் பேரு வரிசையில நிக்காங்க. ஆனா எல்லாருக்கும் கைக்குழந்தைதான் வேணும், நோய்நொடி இருக்கக் கூடாது. நானும் அப்படித்தான் கேட்டேன். பியூலாவை எத்தனையோ பேருக்குக் காட்டினாக. ஒருத்தரும் சரின்னு சொல்லல. இதைச் சொல்ல எனக்குப் பெருமை இல்ல, ஆனா நெசம் அதுதான். அவளைப் பெத்தவ குழந்தைகள் நலக்குழு முன்னாடி தானே வந்து கையெழுத்துப் போட்டா. மனசு மாறுதான்னு பாத்து அவளுக்குத் தவணையும் கொடுத்தாக. சந்தேகம்னா வந்து விசாரிங்க. நூறு தடவை விசாரிங்க. ஆனா எவனோ செஞ்ச தப்புக்கு இந்தப் பிள்ளைக்கு அம்மா கிடையாதுன்னு தீர்ப்புச் சொல்லாதீக."

குழுவில் யாரும் கேள்வி கேட்குமுன் எரிக் கையைத் தூக்கினார். "உங்கள் மகள் தன்னைப் பெற்றவளைத் தேட வேண்டும் என்றால் விடுவீர்களா?" என்று கேட்டார்.

நாங்கள் எல்லாரும் வீட்டுக்குள்ளேகூடப் பேசிக்கொள்ளாத கேள்வி அது. என் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"விடுறது என்ன தம்பி? நான்தான் கூட்டிட்டுப் போவேன். வயசு வந்ததும் தேடணும்னு சொன்னா, சட்டத்துல வழி இருக்கு. இவளைப் பெத்தவகிட்ட நான் சொல்ல வேண்டியது கொஞ்சம் இருக்கு."

தன் கருத்தை மாற்றிக்கொண்டதாக எரிக் சொல்லவில்லை. ஆனால், ஏற்கெனவே பெற்றோர் அமைந்துவிட்ட குழந்தைகளின் கோப்புகளை ஒவ்வொன்றாகச் சோதித்து முடிவெடுப்பதில் தனக்கு மறுப்பு இல்லை என்று கடைசியில் சொன்னார். அவர் வாயிலிருந்து அது வந்ததுதான் குழுவை அசைத்தது என்று மாரித் பிறகு எழுதினாள்.

சுவரோரம் உட்கார்ந்திருந்த எங்களுக்கு அதற்குமேல் அங்கே இருக்கப் பிடிக்கவில்லை. முதலில் என் மகன் எழுந்து போய் ஐஸ்வர்யாவுக்குப் பின்னால் நின்றான். பிறகு நாங்கள் எல்லாரும் போய் நின்றோம். ஞானதீபம் சிஸ்டர் பியூலாவைத் தூக்கி யோகேஸ்வரி மடியில் வைத்தார். அவள் திரையில் இருந்த பெரிய மனிதர்களைப் பார்த்து வழக்கம்போல, "உங்க பேரென்ன?" என்று கேட்டாள். அதையும் அந்த ஈழத்துப் பெண் சிரிக்காமல் மொழிபெயர்த்தார். குழுத் தலைவர் தன் பெயரைச் சொன்னார்.

நேரலையின் அந்தப் பகுதி இரண்டொரு நாளில் திருத்தங்கல் முழுக்க ஒவ்வொரு செல்போனிலும் ஓடியது. கம்பெனியில் சிலர் பேச்சை நிறுத்திவிட்டு யோகேஸ்வரியை ஒரு மாதிரி பார்த்தார்கள். ஒருத்தி மட்டும் வந்து, "அக்கா, எங்க மதினிக்கும் பிள்ளை இல்ல, எங்கன போய்க் கேக்கணும்?" என்றாள். செந்தூர்பாண்டி தம்பி வீட்டுப் பக்கம் வராமலே இருந்தார். ஆடிப்பெருக்கு அன்று, வழக்கம்போலப் புதுவருடக் காலண்டர்களின் மாதிரி ஆல்பங்களைப் பூஜை போட்டு வெளியிடும் விழா. வெளியூர் ஏஜெண்டுகள் கூடியிருந்தார்கள். ஐஸ்வர்யா பிரசாதத் தட்டை நீட்டியபோது ஒருவர் இது யார் பிள்ளை என்று கேட்டார்.

"என் தம்பி மக. தத்து எடுத்த பிள்ளை," என்றார் செந்தூர்பாண்டி. தன் போனை எடுத்து நீட்டினார். "இந்த வீடியோவைப் பாருங்க. இவ பக்கத்துல உக்காந்து பேசுறது இவ அம்மா. நம்ம கம்பெனி செக்கிங் அவ கையிலதான்."

பியூலாவின் கோப்பைச் சோதிக்க அங்கிருந்து ஒரு அதிகாரி விருதுநகருக்கே வந்தார். பெற்ற தாயையும் அவள் விருப்பம் கேட்டுத் தனியே சந்தித்தார். எல்லாம் நேராக இருந்தது. மழைக்காலம் தொடங்கும்போது மாரித்தும் அவள் கணவரும் வந்து பியூலாவை அழைத்துப் போனார்கள். வழியனுப்பப் போன நாங்கள் எல்லாரும் அழுதோம். அழாமல் இருந்தது பியூலா ஒருத்திதான். கார் கண்ணாடியை இறக்கச் சொல்லி எல்லாரிடமும் பேர் சொல்லி விடைபெற்றாள்.

புதிய குழந்தைகளுக்கு அந்த நாடு இன்னும் கதவைத் திறக்கவில்லை. சட்டம் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். இல்லத்தில் காது கேளாத ஒரு சிறுமியும், இதயத்தில் கோளாறு உள்ள ஒருத்தியும் காத்திருக்கிறார்கள். யோகேஸ்வரி இப்போது அவர்களுக்காக வீடியோக்களில் பேசுகிறாள். எங்கள் கூட்டத்துக்கு ஒரு பெயர் இருக்கிறது, கலெக்டர் அலுவலகத்தில் எங்களைத் தெரிகிறது. இருக்கன்குடியில் பார்த்துக்கொண்டால் நின்று பேசுகிறோம்.

போன ஞாயிற்றுக்கிழமை ஆலங்குளத்திலிருந்து ஒரு தம்பதி அவளைத் தேடி வந்தார்கள். கணவர் சிமெண்ட் ஆலையில் வேலை பார்ப்பவர். வெகுநேரம் பொதுவாகப் பேசிக்கொண்டிருந்துவிட்டு, அந்தப் பெண் தயங்கித் தயங்கிக் கேட்டாள்: "அக்கா, கைக்குழந்தைதான் எடுக்கணும்னு இருக்கா? காது கேக்காத பிள்ளை ஒண்ணு இருக்குன்னு வீடியோவுல சொன்னீகளே."

யோகேஸ்வரி உள்ளே போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டு வந்தாள். "விருதுநகர் பஸ் இப்ப வந்துரும். முறைப்படி பதிஞ்சுதான் பாக்கணும், சிஸ்டர் எல்லாத்தையும் சொல்லுவாக. வாங்க போவோம்," என்றாள்.